கார் சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகலையா? செலவு செய்வதற்கு முன் இதைப் படிங்க

காலை மணி 6. கேமரன் மலையில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. தோட்டத்து வீட்டு வாசலில் நிற்கும் காரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறீர்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்ளோதான். மறுபடியும் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல இன்ஜின் ஓடுகிறது. அடுத்த இரண்டு நாள் பிரச்சனை இல்லை. நான்காவது நாள் மீண்டும் அதே ‘டக்’.

தோட்டத்தில் இது வெறும் எரிச்சல் மட்டுமல்ல. சுங்கை பாலாஸ், ஹாபு போன்ற இடங்களிலிருந்து பெரிய சாலைக்கு வரவே குறுகலான, வளைந்து செல்லும் தோட்டப் பாதையைக் கடக்க வேண்டும். மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. நள்ளிரவில் பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்தால், 999-ஐ அழைக்கும் அதே நேரத்தில் நம் கண் போவது வாசலில் நிற்கும் அந்தக் காரின் மேல்தான்.

ஏன் கண்டுபிடிப்பது கடினம்?

வந்து வந்து போகும் கோளாறு, வொர்க்‌ஷாப்பில் மட்டும் வராது! அங்கே கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். அப்புறம் ஊகம்தான். முதலில் பேட்டரியை மாற்றுவோம், பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றுவோம். காசு போகும், கோளாறு போகாது.

இதைத் தவிர்க்க ஒரே வழி, கோளாறு வரும்போது அங்கே இருப்பவர் கவனிப்பது. அந்த ஆள் நீங்கள்தான். கவனிக்க வேண்டியவை இரண்டு: என்ன சத்தம், எந்த நேரம்.

முதலில் காது கொடுங்க

• ‘டக்டக்டக்’ என்று வேகமான சத்தம், டேஷ்போர்டு விளக்குகளும் மங்குகின்றன: பேட்டரியில் சக்தி குறைவு, அல்லது டெர்மினல் லூஸ்.

• ஒரே ஒரு ‘டக்’, விளக்குகள் மங்கவில்லை: ஸ்டார்ட்டர் மோட்டாரின் உள்பகுதி தேய்ந்திருக்கலாம், அல்லது அதற்குப் போகும் வயரில் பிரச்சனை.

• சத்தமே இல்லை, விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன: ஆட்டோ கார் என்றால் பிரேக்கை மிதித்தபடி ‘என்’ கியரில் முயன்று பாருங்கள். அதில் ஸ்டார்ட் ஆனால், கியர் நிலையை அறியும் சுவிட்ச் மீது சந்தேகப்படலாம். சாவி வடிவ விளக்கு மினுக்கினால், கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியில் முயலுங்கள்.

• இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: பெரும்பாலும் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் குற்றவாளிகள் இல்லை. பெட்ரோல் வரவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை. சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, பின் இருக்கைப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகுகிறதா என்று கேளுங்கள்.

எப்போது நடக்கிறது?

காலைக் குளிரில் மட்டுமா? ‘மலைக் குளிர் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். தானா ராத்தாவில் விடியற்காலை வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியஸ். ஐரோப்பாவில் அது 0-க்குக் கீழே போகும்போதும் கார்கள் ஸ்டார்ட் ஆகின்றன. குளிரில் பேட்டரியின் வேதிவினை மெதுவாகும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். ஆனால் நல்ல பேட்டரி இந்தக் குளிரைத் தாங்கும். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது உண்மையில் வெப்பம். ஈப்போ, கோலாலம்பூர் வெயிலில் தேய்ந்த பேட்டரியை மலைக் குளிர் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சூடான பிறகா? தாப்பாவிலிருந்து மேலேறி, ரிங்லெட்டில் தேநீர் குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, அரை மணி நேரம் கழித்து ஆகிறதா? இன்ஜின் சுழற்சியை அறியும் சென்சார் அல்லது ஸ்டார்ட்டர் சூட்டில் தடுமாறுவதாக இருக்கலாம்.

மழைக்குப் பிறகா? கேமரன் மலையில் இன்றும் ஓடும் பழைய லேண்ட் ரோவர்கள் போன்ற வண்டிகளில், தீப்பொறியைக் கொண்டுபோகும் பிளக் வயர்களில் ஈரம் இறங்கலாம்.

இரண்டு மூன்று நாள் ஓட்டாமல் விட்ட பிறகா? டேஷ்கேம் போல ஏதோ ஒன்று பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கலாம். தினமும் ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டினாலும் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகாது.

கையால் ஒரு சோதனை, மீட்டரால் ஒரு சோதனை

காரை அணைத்துவிட்டு, பேட்டரியின் இரண்டு டெர்மினல்களையும் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சம்கூட அசையக்கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால், கழற்றித் துலக்க வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். அந்த நெகட்டிவ் வயரின் மறுமுனை காரின் உடம்பில் முடுக்கப்பட்டிருக்கும். ஈரமான ஊரில் அங்கே துரு பிடிப்பது சகஜம். பலரும் பார்க்க மறக்கும் இடமும் அதுதான்.

அடுத்து, ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி. இன்னொருவர் சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், பேட்டரி பலவீனமாக இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். அதுவும் 12-லேயே நின்றால், சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதை மட்டும் செய்யாதீங்க

மேட்டிலிருந்து காரை உருட்டி ஸ்டார்ட் செய்வது மலையில் பழைய பழக்கம். ஆட்டோ காரில் அது வேலைக்கு ஆகாது. மேனுவல் காரிலும் ஆபத்து: இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். கீழே வளைவு இருந்தால் காரைக் கட்டுப்படுத்த முடியாமல் போகலாம். சோதிக்கும்போதும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். பேட்டரி அருகே சிகரெட் வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

போன் நோட்ஸில் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுதுங்கள்: நேரம், வானிலை, இன்ஜின் சூடா குளிரா, என்ன சத்தம். முடிந்தால் சத்தத்தை வீடியோவாக எடுங்கள்.

‘அண்ணே, சில நேரம் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ என்று சொன்னால், அவருக்கு ஊகிப்பதைத் தவிர வழியில்லை. ‘அண்ணே, இந்த வாரம் மூணு தடவை, மூணும் சூடான பிறகு, இன்ஜின் சுத்துது ஆனா பிடிக்கல, பேட்டரி 12.6 காட்டுது’ என்று சொல்லிப் பாருங்கள். பேட்டரியை விட்டுவிட்டு, எங்கே கை வைக்க வேண்டுமோ அங்கிருந்து அவர் தொடங்குவார்.