போனைக் காட்டி புத்தகத்தை கையில் கொடுக்கலாம்! பள்ளி நூலகங்களுக்கு கைகொடுக்கும் 'டிஜிட்டல்' வழிகள்

சென்னை:

'எந்நேரமும் செல்போனும் கையுமா இருக்கான், புத்தகத்தை தொடவே மாட்டேங்கிறான்' - வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல் இது. பள்ளியிலோ நூலக அலமாரியில் புத்தகங்கள் தூசி படிந்து கிடக்கின்றன. பல அரசு பள்ளிகளில் தனியாக நூலகர் கிடையாது. பாடம் நடத்தும் ஆசிரியர்தான் சாவியையும் வைத்திருக்கிறார். புத்தகம் தொலைந்தால் கணக்கு சொல்ல வேண்டுமே என்ற பயத்தில், பூட்டை திறக்காமலே விட்டுவிடுபவர்களும் உண்டு.

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன அதே போனை தூண்டிலாக்கி, அவர்களை நூலகத்துக்கு திருப்ப வழி இருக்கிறது. பெரிய செலவும் இல்லை. எப்படின்னு பார்ப்போம்.

அட்டையில் ஒரு ஸ்டிக்கர்

டீக்கடையில் பணம் கட்ட ஸ்கேன் பண்ணுகிறோமே, அதே கியூ.ஆர். கோடுதான். 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம், கார் உதிரி பாகங்களை அடையாளம் காண இதை உருவாக்கியது. தமிழக பாடப்புத்தகங்களில் 2018-ல் இடம் பிடித்தது.

நூலகத்தில் இதை வேறு மாதிரி பயன்படுத்தலாம். கதை படித்த ஒரு மாணவி, அதைப்பற்றி ஒரு நிமிடம் பேசி பதிவு செய்கிறார். முடிவை மட்டும் சொல்ல மாட்டார். அந்த ஆடியோ இருக்கும் இணைய முகவரியை கோடாக மாற்றி, புத்தக அட்டையில் ஒட்டிவிட வேண்டும். ஸ்கேன் செய்தால், 'கிணத்துக்குள்ள அவன் என்ன பார்த்தான் தெரியுமா? உள்ளே படிங்க' என்று குரல் கேட்கும். வாத்தியார் சொன்னால் கேட்காத பையன், கூட படிக்கிற பிள்ளை சொன்னால் எடுத்து பார்ப்பான். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சில இணையதளங்கள் முதலில் இலவசம் என்று கோடு கொடுத்துவிட்டு, பிறகு காசு கேட்கும். கட்டாவிட்டால் கோடு வேலை செய்யாது. முகவரியை நேரடியாக தனக்குள் வைத்திருக்கும் 'ஸ்டேட்டிக்' வகை கோடுக்கு இந்த தொல்லை இல்லை.

கூச்சம் போக்கும் கதைகள்

எட்டாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்ன பிள்ளைகள் புத்தகத்தை எல்லார் முன்னாலும் எடுக்க அவர்களுக்கு கூச்சம். இதனாலேயே நூலகம் பக்கம் வராமல் போய்விடுகிறார்கள்.

இவர்களுக்கு உதவுகிறது 'ஸ்டோரிவீவர்' இணையதளம். பிரதம் புக்ஸ் அமைப்பு 2015-ல் தொடங்கியது. தமிழ் உள்பட பல மொழிகளில் படக்கதைகள் இலவசம். படிக்கும் திறனை வைத்து 4 படிகளாக பிரித்திருக்கிறார்கள். திரையில் படிக்கும்போது எந்தப் படி என்று பக்கத்தில் இருப்பவனுக்கு தெரியாது. கிண்டலும் இல்லை. ஒவ்வொரு படியாக ஏறி வரலாம்.

பெரிய மாணவர்களுக்கு, 1998-ல் தொடங்கிய மதுரை திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இலவசம்தான்.

கணக்கு நோட்டுக்கு பதிலாக

'கோஹா' என்ற நூலக சாப்ட்வேர் 1999-ல் நியூசிலாந்தில் உருவானது. மவோரி மொழியில் இந்த சொல்லுக்கு 'அன்பளிப்பு' என்று பொருள். பெயருக்கேற்ப இலவசம். அரசு நூலகங்களுக்காக தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய 'இ-கிரந்தாலயா'வும் உண்டு. அதுவும் இல்லையா, சாதாரண எக்செல் பக்கம் போதும்.

யார் எந்த புத்தகத்தை எடுத்தார், எது ஒரு வருஷமாக நகரவே இல்லை, எந்த பிள்ளை திடீரென்று வருவதை நிறுத்தியது என்பதெல்லாம் உடனே தெரியும். அந்த பிள்ளையை கூப்பிட்டு 'என்னாச்சு கண்ணு?' என்று நூலகர் கேட்க வேண்டும். அதை கம்ப்யூட்டர் கேட்காது.

போன் இல்லாத வீடு

பல வீடுகளில் ஒரே போன். அப்பா வேலைக்கு எடுத்துப்போனால் ராத்திரிதான் திரும்பும். 'வீட்ல போய் ஸ்கேன் பண்ணுங்க' என்றால் அந்த பிள்ளை ஒதுங்கிவிடும். எனவே ஸ்கேன் வேலை எல்லாம் நூலகத்துக்குள்ளேயே, பள்ளியின் ஒரு டேப்லெட்டிலோ ஹைடெக் லேபிலோ நடக்க வேண்டும். கதைகளை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்தால் நெட் இல்லாத நேரத்திலும் ஓடும்.

இதில் உஷார்!

வாட்ஸ்-அப்பில் சுற்றும் 'பி.டி.எப்.' நாவல்களை மாணவர்களுக்கு அனுப்பக்கூடாது. எழுத்தாளர் வாழ்நாளிலும், மறைந்து 60 ஆண்டு வரையும் காப்புரிமை உண்டு. பிள்ளைகளின் குரலை பதிவு செய்யும் முன் பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்கு பெற்றோர் சம்மதம் தேவை என்கிறது 2023-ல் நிறைவேறிய தகவல் பாதுகாப்பு சட்டம். முழு பெயர், போட்டோ வேண்டவே வேண்டாம்.

பெற்றோர் கேட்கலாம்

ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பத்திரிகை, கதைப்புத்தகங்களோடு நூலகம் இருக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டு கல்வி உரிமை சட்டமே சொல்கிறது. எனவே அடுத்த பள்ளி மேலாண்மை குழு கூட்டத்துக்கு போகும்போது, மார்க் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 'நூலகத்தை வாரத்துல எத்தனை நாள் திறக்குறீங்க? எம்புள்ள என்ன புத்தகம் எடுத்திருக்கு?' என்றும் கேளுங்கள். பூட்டு திறந்தால்தான் ஸ்டிக்கருக்கே வேலை!