உள்ளாட்சிப் பணியாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கச்சிராயபாளையத்தை உள்ளடக்கிய வடக்கனந்தல் பேரூராட்சியிலும், மேற்கே மலைமீதுள்ள கல்வராயன்மலை ஊராட்சி ஒன்றியத்திலும் வேலை செய்வோர் அனைவரும் பொதுவாக ‘உள்ளாட்சிப் பணியாளர்’ என்றே அழைக்கப்படுகின்றனர். ஆனால் மருத்துவக் காப்பீடு என்று வரும்போது இவர்கள் ஒரே வகையினர் அல்லர். காலமுறை ஊதியத்தில் இருப்பவருக்கு ஒரு திட்டம், ஒப்பந்தப் பணியாளருக்கு வேறொன்று, தொகுப்பூதியத்திலோ தினக்கூலியிலோ இருப்பவருக்கு இன்னொன்று. பல நாடுகளில் பணியாளர் தமக்குப் பிடித்த காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கிறார். இங்கே பெரும்பாலும் நியமன ஆணையே அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

காலமுறை ஊதியப் பணியாளர்

தமிழ்நாடு அரசு 2008இல் தொடங்கிய புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அரசுத் துறைகளோடு உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பொருந்தும். அன்று குடும்பத்துக்கு 4 ஆண்டுகளில் ரூ.2 லட்சம் வரை சிகிச்சை. ஊழியரிடம் மாதம் ரூ.25 பிடித்தம். 2012இல் அது ரூ.4 லட்சமாகவும், 2021 ஜூலை 1 முதல் ரூ.5 லட்சமாகவும் உயர்ந்தது. குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கும் அறுவை சிகிச்சைகளுக்கும் ரூ.10 லட்சம் வரை உண்டு. மாதப் பிடித்தம் ரூ.300 ஆனது, நான்காண்டுக்குக் கணக்கிட்டால் ரூ.14,400. கணவன், மனைவி இருவரும் இத்திட்டத்துக்கு உரியவர்களானால் ஒருவரிடம் மட்டுமே பிடித்தம் செய்யப்படும்.

‘ரூ.5 லட்சம்’ என்பது ஆண்டுக்கு அல்ல, நான்காண்டுக்கு. தனி ஒருவருக்கு அல்ல, குடும்பம் முழுவதற்கும். முதல் ஆண்டிலேயே ஒரு பெரிய சிகிச்சைக்கு அந்தத் தொகை செலவாகிவிட்டால், மீதி மூன்றாண்டுகள் வெறுங்கையோடுதான் இருக்க வேண்டும்.

அடுத்தது, குடும்பம் என்பதன் வரையறை. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். துணைவர் இதில் அடங்குவார். பிள்ளைகள் வேலைக்குச் செல்லும்வரை, அல்லது திருமணம் ஆகும்வரை, அல்லது 25 வயது நிறையும்வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை அடங்குவர். பெற்றோர், ஊழியர் மணமாகாதவராக இருக்கும்வரை மட்டுமே. திருமணமான நாளோடு தாயும் தந்தையும் பட்டியலிலிருந்து விலகிவிடுகின்றனர். மருத்துவச் செலவு மிகுதியாக வரும் வயதில் அவர்களுக்குக் காப்பு இல்லாமல் போவது இத்திட்டத்தின் பெரிய குறை என்றே சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம், தொகுப்பூதியம்

ஒப்பந்த நிறுவனம் வழியாக வரும் தூய்மைப் பணியாளருக்கு ஊழியர் அரசுக் காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ., பொருந்தக்கூடும். மாத ஊதிய உச்சவரம்பு ரூ.21,000. 2019 ஜூலை முதல் ஊழியர் பங்கு 0.75 சதவீதம், வேலை அளிப்பவர் பங்கு 3.25 சதவீதம். இதில் புறநோயாளிச் சிகிச்சையும் உண்டு. நோய்க்கால ஊதிய இழப்புக்குப் பணமும் உண்டு. சார்ந்திருக்கும் பெற்றோரும் சிகிச்சை பெறலாம். பிடித்தம் சம்பளச் சீட்டில் தெரிந்தால் மட்டும் போதாது. தம் பெயரில் காப்பீட்டு எண் இருக்கிறதா, பங்கு உண்மையில் செலுத்தப்படுகிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இவ்விரண்டிலும் சேராதவருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் சென்றால் அட்டை பெறலாம். மாதப் பிடித்தம் எதுவும் இல்லை. காப்புத் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம். தாளில் பார்த்தால் நிரந்தர ஊழியரின் காப்பைவிட இது பெரிது! ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே, நிர்ணயித்த கட்டணத்தில், பொது வார்டில் கிடைக்கும். மணமான ஊழியரின் பெற்றோர் தனிக் குடும்ப அட்டை வைத்திருந்து, வருமானமும் வரம்புக்குள் இருந்தால், அவர்களுக்கும் இதுவே பெரும்பாலும் கைகொடுக்கும்.

மருத்துவமனை எங்கே?

அட்டை இருந்தும் அருகில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை இல்லையென்றால் பயன் குறைவு. வெள்ளிமலையிலோ சேராப்பட்டிலோ இருப்பவர் மலையிறங்கித்தான் பெரிய சிகிச்சைக்குப் போக வேண்டும். 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் உள்ளது. அதற்கு மேல் சேலம், புதுச்சேரி, சென்னை என்று போக வேண்டும். உடல்நலம் நன்றாக இருக்கும்போதே, தம் திட்டத்தில் எந்த மருத்துவமனை எந்தச் சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றுள்ளது என்று பட்டியலைப் பார்த்துக் குறித்துவைப்பது நல்லது. ஒரே மருத்துவமனை இதய சிகிச்சைக்குப் பட்டியலில் இருந்து, எலும்பு முறிவுக்கு இல்லாமலும் இருக்கலாம்.

அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், நிரந்தர ஊழியர் செலவைத் திரும்பக் கோரலாம். மருத்துவமனை பட்டியலில் இல்லை என்பதை மட்டுமே காரணமாக்கிக் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவரின் வழக்கில் 2018இல் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றமும் தமிழ்நாட்டு ஊழியர்களின் வழக்குகளில் இதே கருத்தைக் கூறியுள்ளது. எனவே வெளியேற்றச் சுருக்கம், அசல் ரசீதுகள், அவசர நிலையைக் குறிப்பிடும் மருத்துவர் சான்று ஆகியவற்றைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கையில் கொஞ்சம் பணம் மிச்சப்படுபவர் தனியார் நிறுவனத்தின் ‘டாப்-அப்’ காப்பீட்டை வாங்கலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஆகும் செலவை மட்டும் அது ஏற்பதால் கட்டணம் குறைவு. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதக் காத்திருப்புக் காலம் இருக்கலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். மறைத்தது பின்னர் தெரியவந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.