விமானம் ஓட்டக் கற்பவரின் முதற்பாடங்கள்

சிறு விமானம் ஓட்டக் கற்க முன்வருபவர் முதன்முதலில் உணர்வது, தரையிலே வாழ்ந்து பழகிய உடம்பின் சுபாவங்களிற் பல ஆகாயத்தில் உதவமாட்டா என்பதைத்தான். ஓடுபாதையை நோக்கி விமானம் உருளும்போதே இவ்வனுபவம் தொடங்கிவிடுகிறது. மோட்டார் ஓட்டிய பழக்கத்தால் கைகள் எதிரேயுள்ள கைப்பிடியைத் திருப்பத் துடிக்கும். ஆனால் தரையில் விமானத்தைத் திருப்புவன பாதங்களின் கீழுள்ள மிதிகளே. செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானம் முழு விசையுடன் கிளம்புகையில் இடப்புறமாக ஒதுங்கப் பார்க்கும். அதை நேரே நிறுத்துவதும் வலக்காலின் வேலைதான்.

எனினும் ஆரம்பப் பாடங்களுள் பிரதானமானது, விமானிகள் ‘ஸ்டால்’ என்று வழங்கும் நிலையை அறிந்து மீளும் அப்பியாசமே. எஞ்சின் நின்றுபோவதுதான் ஸ்டால் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் எஞ்சினுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எதிர்வரும் காற்றோட்டத்துக்கு இறக்கை சாய்ந்து நிற்கும் கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால், மேற்பரப்பைத் தழுவிச் செல்ல இயலாமல் காற்று பிரிந்துபோக, விமானத்தைத் தாங்கும் சக்தி திடீரென்று குறைந்துவிடுகிறது. ஆசிரியர் மாணவரைச் சில ஆயிரம் அடி உயரத்துக்கு அழைத்துச் சென்று, அருகில் வேறு விமானம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விசையைக் குறைத்துக் கைப்பிடியை மெல்லப் பின்னே இழுக்கச் சொல்வார். மூக்கு உயரும், காற்றின் இரைச்சல் அடங்கும், கைப்பிடி பிடிப்பற்றுத் தளரும், இடது இறக்கையின் முன்விளிம்பிலுள்ள எச்சரிக்கைக் கருவி நாணற்குழல் ஊதினாற்போல் ஓலமிடும், உடனே விமானம் நடுங்கி மூக்கைத் தாழ்த்தும். அக்கணத்தில் கைப்பிடியை இன்னும் இழுக்கவே மனம் தூண்டும். இழுத்தால் கோணம் மேலும் மிகும். ஆகவே கீழே போகிறோமே என்ற பயத்தை மீறி முன்னே தள்ளவேண்டும். தள்ளியதும் காற்று மறுபடி இறக்கையைத் தழுவ, விசையைக் கூட்டி மேலெழலாம்.

ஆபத்தான நிலைகளிலிருந்து மாணவரை விலக்கி வைப்பதைவிட, அவற்றுள் வேண்டுமென்றே புகுத்தி மீளக் கற்பிப்பதே மேல் என்னும் இம்முறையை, முதல் உலக யுத்தத்தின்போது 1917-ல் தென் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் நிலைநாட்டியவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. இருவருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் அமைந்த ஆவ்ரோ 504 விமானத்தில், பேசுகுழாய் வழியே காரணங்களை விளக்கிக்கொண்டே கற்பித்த அம்முறை உலகெங்கும் பரவிற்று. யுத்தத்தின் நடுவில் பிறந்ததாயினும், மாணவரின் புத்தியை மதித்த அக்கல்விமுறையை நான் பெரிதும் போற்றுகிறேன்.

இறங்கும் பாடமும், ஆசிரியரின்றித் தனியே பறக்கும் நாளும் ஸ்டால் அப்பியாசத்தின் பின்னரே வருவன. இந்தியாவில் தனியார் விமானி உரிமம் பெறக் குறைந்தது 17 வயதும், 40 மணி நேரப் பறத்தலும் அவசியம். பயிற்சியிற் சேர விரும்பும் இளைஞர்களே, கட்டணத்தை விசாரிக்குமுன் ஆசிரியரைச் சந்தித்து, ஸ்டால் என்பதை விளக்கும்படி கேளுங்கள். பொறுமையாகக் காரணத்தோடு அவர் விளக்குவாரானால், அங்கே தயங்காமல் சேருங்கள்.