ஆறு வளைந்தால் சாலையும் வளையும்

கூத்தாநல்லூரில் வெண்ணாற்றை ஒட்டிப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்: ஆறு வளைகிற இடத்தில் சாலையும் வளையும். நாலாபுறமும் வயல், மழைக்காலத்தில் நாலாபுறமும் தண்ணீர். வெள்ளம் ஏறாத மேடு என்று இருந்தது ஆற்றங்கரைதான். மாட்டுவண்டி அதில் ஏறியது. பல இடங்களில் அந்த வண்டிப்பாதையே இன்றைய தார்ச்சாலை.

சாலை போடக் கஷ்டமான மண் இது. பங்குனி வெயிலில் விரல் நுழையுமளவு வெடிக்கும் களிமண், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். மேலே கிடக்கும் தார் அந்த இழுபறியில் விரிசல் விட்டுப்போகும். ஜல்லி உடைக்க இங்கே பாறையும் கிடையாது. மேற்கேயிருந்து லாரியில் வந்தாக வேண்டும்.

1871-ல் வந்த சட்டம் சாலைக்காக நிலத்தின் மேல் செஸ் போட்டது. 1884 சட்டத்துக்குப் பிறகு சாலைப் பொறுப்பு ஜில்லா போர்டுகளிடம் வந்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஒருபடி மேலே போய், செஸ் வசூலித்துச் சொந்தமாக ரயில் பாதையே போட்டது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894-ல் வண்டி ஓடியது. 1903-ல் அறந்தாங்கியைத் தொட்டது. நெல் விற்ற காசு கலந்த தண்டவாளம் அது. 

கூத்தாநல்லூருக்கு ரயில் வரவில்லை. கடல்கடந்து பிழைக்கப் போன சபுராளிகள் நிறைந்த ஊர். அந்தக் காலத்தில் ரஜூலா என்ற கப்பலைப் பிடிக்க நாகப்பட்டினம் போவதென்றாலும் கொரடாச்சேரி ஸ்டேஷன் வரைக்கும் சாலைதான் கதியாக இருந்தது.

நெடுஞ்சாலைத் துறை 1946-ல் பிறந்தது. தேசிய, மாநில, மாவட்டச் சாலை என்று 1943 நாக்பூர் திட்டம் பிரித்த தரம்தான் எந்தச் சாலைக்கு யார் பொறுப்பு என்பதை இன்றும் சொல்கிறது. 1972-ல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. தஞ்சை–நாகை நெடுஞ்சாலையின் எண் பிற்பாடு 67-லிருந்து 83 ஆனது.

எண் மாறியதைவிட எனக்குக் கவலை சாலையின் உயரம். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. மூன்று படி ஏறிப்போன திண்ணைக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறார்கள். மழை பெய்தால் தண்ணீரும் கூடவே இறங்குகிறது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. தெருத்தெருவாக அது நடக்க வேண்டும். சாலைக்கு அடியில் போகும் குழாய்களையும் தூர்வார வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் ஒருவர் குனிந்து பார்த்தால் போதும், அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறதா என்று.