அழகுக்குக் காவல், காவலுக்குக் கூலி?

கண்ணாடியின் முன்னமர்ந்து தன் கூந்தலைப் பிறர் கையில் ஒப்புவிக்கும் பெண், அவர்மீது பெரும் நம்பிக்கை வைக்கின்றாள். கூரிய கத்தரி, சுடும் கருவி, காரமான சாயம் ஆகிய யாவும் அவள் தலைக்கருகே நடமாடுகின்றன. அந்த நம்பிக்கைக்கு அரசாங்கமே பிணை நிற்க வேண்டுமென்பது ஐக்கிய அமெரிக்காவில் வேரூன்றிய கொள்கை. 1897ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலம், முடிதிருத்துவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமெனச் சட்டமியற்றிற்று. இன்று அந்நாட்டின் மாநிலங்கள் அனைத்திலும் சிகையலங்காரத் தொழிலுக்கு அனுமதி அவசியம். அதனை வழங்கும் அழகுக்கலைச் சபைகள் பாடநேரத்தை வரையறுக்கின்றன, பரீட்சை நடத்துகின்றன, கடைகளைப் பார்வையிட்டுக் குற்றங் கண்டால் அபராதம் விதிக்கின்றன.

நல்ல ஏற்பாடுதான். ஆயினும், இக்காவலாளிக்குக் கூலி கொடுப்பவர் யார் என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு 1927ஆம் ஆண்டிலேயே இத்தகைய சபைகள் தோன்றின. சபையின் செலவு பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து வருவதன்று. பரீட்சைக் கட்டணம், அனுமதிப் புதுப்பித்தற் கட்டணம், அபராதம் ஆகியன ஒரு தனி நிதியிற் சேர்கின்றன. சபை அதனைக் கொண்டே நடக்கின்றது. ஆனால் அந்நிதியையும் சபை தன் விருப்பப்படி செலவிட முடியாது. ஆண்டுதோறும் சட்டசபை வரவு செலவுத் திட்டத்தில் அனுமதித்த அளவே செலவாகும். மிச்சம் சேர்ந்தாலோ, பணமுடை வந்த காலத்தில் திறைசேரி அதனைக் கடனாகப் பெற்றுக்கொள்வதுமுண்டு. 2008ஆம் ஆண்டை அடுத்து வந்த நெருக்கடியில் அவ்வாறே நிகழ்ந்தது. நாளெல்லாம் நின்று உழைக்கும் ஏழைப் பெண் கட்டிய கட்டணம், கடைகளைப் பரிசோதிக்கும் பணிக்கு உதவாமல் அரசாங்கத்தின் பொதுச் செலவுக்குப் போயிற்று.

பரிசோதனையின் அருமையை 2000ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் வடபகுதியில் நடந்த ஒரு சம்பவம் நன்கு உணர்த்திற்று. ஒரே நக அலங்காரக் கடைக்குச் சென்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே கொப்புளங்கள் தோன்றின. அவை மாதக்கணக்காக ஆறாமல் வருத்தின. பலருக்குத் தழும்பும் எஞ்சிற்று. சுகாதார அதிகாரிகள் ஆராய்ந்தபோது, வாடிக்கையாளர் கால்களை ஊறவைக்கும் சுழல்நீர்த் தொட்டிகளே காரணமெனத் தெரிந்தது. நீரை உள்ளிழுக்கும் வலைத்தட்டுக்குப் பின்னால் மயிரும் தோற்செதிலும் நெடுநாள் தேங்கிக் கிடந்தன. க்ஷயரோகக் கிருமியின் தூரத்து உறவான ஒரு கிருமி அங்கே பெருகியிருந்தது. அத்தட்டைக் கழற்றிக் கழுவியிருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது. அதனைக் கழற்றிப் பார்க்க ஒரு பரிசோதகர் வேண்டும். அவருக்குச் சம்பளமும் வேண்டும்.

சபைகளோ பல காலமாகப் பாடநேரத்திலேயே கண்ணாக இருந்தன. கலிபோர்னியாவில் அழகுக்கலை பயில 1600 மணி நேரம் விதிக்கப்பட்டிருந்தது. உயிருக்குப் போராடும் நோயாளியை அவசர வண்டியில் ஏற்றிச் செல்லும் முதலுதவியாளருக்கோ அங்கு 200 மணிக்கும் குறைவான அடிப்படைப் பயிற்சி போதும்! 2021ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமே 1600 மணியை 1000 ஆகக் குறைத்தது.

டெக்சாஸ் மாநிலத்துக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. நூலை முறுக்கிப் புருவ மயிர் களையும் கலை நம் நாட்டுப் பெண்களும் நன்கறிந்தது. அங்கு அதற்கு 750 மணி நேரப் பயிற்சி கேட்கப்பட்டது. அதில் 320 மணி வரை அத்தொழிலுக்குத் தொடர்பற்றது என்பதை அரசாங்கத் தரப்பே ஒப்புக்கொண்டது. 2015ஆம் ஆண்டில் அம்மாநில உயர்நீதிமன்றம் அவ்விதி செல்லாதெனத் தீர்த்தது.

இத்தகைய விதிகள் ஏன் நிலைக்கின்றன? கடினமான வாயில் உள்ளே இருப்போருக்கு லாபம். வெளியே நிற்போருக்கே நட்டம். அதே 2015ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதனை நோக்கிற்று. வட கரோலைனாவின் பல்வைத்தியர் சபை, பல் வெண்மையாக்கும் அழகுப் பணியைப் பிறர் செய்யவிடாது தடுத்திருந்தது. தொழிலாளரே பெரும்பான்மையாய் அமர்ந்த சபையை அரசாங்கம் உண்மையாக மேற்பார்வை செய்யாவிடில், போட்டியைத் தடுப்போருக்கு எதிரான சட்டத்திலிருந்து அச்சபை தப்ப முடியாதென நீதிபதிகள் கூறினர். பயிரை மேயாதிருக்க வேலிக்கும் ஒரு காவல் வேண்டுமன்றோ!

ஆகவே, சபையை ஒழிப்பதும் பரிகாரமன்று. கட்டணத்தை ஏற்றுவதும் பரிகாரமன்று. பரீட்சைச் செலவைத் தொழில் புரிவோர் ஏற்பது முறை. தொட்டியைக் கழற்றிப் பார்க்கும் செலவோ பொதுமக்களின் நலனுக்கானது. அதனைப் பொதுத் திறைசேரி ஏற்பதே நியாயம். குடிதண்ணீரைச் சோதிக்கும் உத்தியோகத்தருக்கு நாம் வரி கொடுக்கவில்லையா? கால் நனைக்கும் தண்ணீருக்கும் அந்த நீதி பொருந்தும்.

அழகு வேண்டுவோர் அதற்கு விலை கொடுக்கட்டும். ஆரோக்கியத்தை மட்டும் விலையாகக் கேட்கலாகாது.