கல்லா அருகே ஒரு கொடி: மணி பிளாண்ட் வளர்ப்பும் கவனமும்

நம் வணிகர்களின் கடைகளில் சாமி படத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது, காலி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கும் மணி பிளாண்ட் கொடிதான். கல்லாப்பெட்டியின் ஓரத்தில் தொடங்கி, ரேக்கைச் சுற்றி, பெயர்ப்பலகை வரை அது படர்ந்திருக்கும் கடைகளும் உண்டு. கொடி செழித்தால் வியாபாரம் செழிக்கும், வாடினால் வரவு குறையும் என்பது பலருடைய நம்பிக்கை.

நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் கடை ஓடுவது உழைப்பாலும் நாணயத்தாலும். கொடி ஓடுவது வெளிச்சத்தாலும் தண்ணீராலும். இந்த இரண்டையும் சரியாகக் கொடுத்தால் செடி கடைக்கு அழகு. கவனிக்காமல் விட்டால் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் அதுவே தொல்லை. எனவே இதுபற்றிச் சில செய்திகளை வணிகப் பெருமக்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

எங்கிருந்து வந்தது?

இது நம் நாட்டுச் செடி அன்று. பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரேயா என்ற சிறு தீவுதான் இதன் தாயகம். 1880-இல் தாவர அறிஞர்கள் இதற்கு முதன்முதலாகப் பெயர் சூட்டினார்கள். சேனை, சேப்பங்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மரத்தைப் பற்றி ஏறினால் இதன் இலை ஒரு முழத்துக்கும் மேல் வளரும். கீழே தொங்கும்போது உள்ளங்கை அளவோடு நின்றுவிடும்.

மஞ்சள் கோடு மறைவது ஏன்?

"வாங்கும்போது இலையில் மஞ்சள் கோடும் புள்ளியுமாக இருந்தது, இப்போது வெறும் பச்சையாகிவிட்டது" என்று பலரும் சொல்வதுண்டு. இதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு.

இலையின் பச்சைப் பகுதிதான் வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. மஞ்சள், வெள்ளைப் பகுதிகளில் பச்சையம் மிகக் குறைவு. நம் கணக்கில் சொல்வதானால், பச்சை சம்பாதிக்கிறது. மஞ்சள் உட்கார்ந்து சாப்பிடுகிறது. வெளிச்சம் நிறைய இருந்தால் செடிக்கு இந்தச் செலவு தாங்கும். இருட்டு மூலையில் வைத்தால் வரவு குறைகிறது. எனவே புதிய இலைகள் பச்சையாகவே வரத் தொடங்கும்.

பகலில் விளக்குப் போடாமல் நாளிதழ் படிக்க முடிகிற இடம் இதற்கு ஏற்றது. உச்சி வெயில் நேராகப் பட்டால் இலை கருகும். குழல் விளக்கில் உயிரோடு இருக்கும், ஆனால் நிறம் மங்கும். பச்சையாகிவிட்ட பழைய இலையில் கோடு திரும்ப வராது. கொடியில் எந்த இலை வரை கோடு நன்றாக இருக்கிறதோ, அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். அந்தக் கணுவிலிருந்து கிளைக்கும் புதுத் தளிர் பெரும்பாலும் கோட்டோடு வரும்.

மளிகைக் கடையில் மாவுத் தூசியும் மிளகாய்த் தூசியும் இலைமேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்தால் போதும். பளபளப்புக்காக எண்ணெய் பூச வேண்டாம்.

கிள்ளி வைக்கும் முறை

பிறர் வீட்டில் கேட்காமல் கிள்ளி வந்தால்தான் வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டு வாங்கினாலும் கணு இருந்தால் வளரும். திருடினாலும் கணு இல்லாவிட்டால் அழுகும். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டாக, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். தண்ணீருக்குள் போகும் இலைகளை நீக்கிவிடுங்கள். சில வாரங்களில் வேர் விடும்.

நாள்பட வளர்க்க விரும்பினால் தொட்டியே நல்லது. செம்மண், மணல், மட்கிய தொழுஉரம் மூன்றையும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் வையுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். பல இலைகள் ஒரே நேரத்தில் மஞ்சளாகித் துவண்டால், பெரும்பாலும் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள். தேங்காய் நார்க் கயிறு சுற்றிய கம்பை நட்டு ஏற்றிவிட்டால் இலை பெரிதாகும்.

பாட்டில் தண்ணீரில் கொசு

இதுதான் மிக முக்கியமானது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கடிப்பதும் பகல் நேரத்தில், அதாவது நம் வியாபார நேரத்தில். வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். பத்து நாள் மாற்றாத பாட்டில் தண்ணீர், கல்லாவில் இருப்பவருக்கு அருகிலேயே வைத்த கொசுப் பண்ணை.

2017-இல் தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாகப் பரவியபோது, தண்ணீர் தேங்கவிட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகள் அபராதம் விதித்தன. அபராதம் கட்டினால் முடிந்துவிடும். காய்ச்சல் அப்படி முடிவதில்லை. கடைப் பையன் படுத்தாலும், பொருள் வாங்க வந்த குழந்தை படுத்தாலும், அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஈடாகாது.

தண்ணீரைக் கொட்டி மாற்றினால் மட்டும் போதாது. கொசு முட்டைகள் பாட்டிலின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டவுடன் பொரியும். ஆகவே வாரம் ஒரு முறை பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், வேரையும் அலசுங்கள். பாட்டில் வாயைக் கொடியைச் சுற்றிப் பஞ்சால் அடைத்து வைப்பது கூடுதல் பாதுகாப்பு. தொட்டியின் அடியில் வைக்கும் தட்டிலும் தண்ணீர் நிற்கக் கூடாது.

வெற்றிலை அன்று

மணி பிளாண்ட் இலை பார்வைக்கு வெற்றிலை போலவே இருக்கும். ஆனால் வெற்றிலை மிளகுக் குடும்பம். இது சேனைக் குடும்பம். சேனை நறுக்கும்போது கை அரிக்கக் காரணமான ஊசி போன்ற படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உள்ளன. மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். குழந்தை கடித்துவிட்டால் வாயை நன்றாகக் கொப்பளிக்கச் செய்து, வீக்கமோ விழுங்குவதில் சிரமமோ இருந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பூனை, நாய்க்கும் இது ஆகாது.

ஆகவே வெற்றிலைக் கூடைக்குப் பக்கத்தில் இதை வைக்கவே வேண்டாம். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்திலும் தொங்கவிட வேண்டாம். கொடியை வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உணவுப் பொருளைத் தொடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுங்கள். அரிசி, பருப்பு இருக்கும் இடத்தில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

1989-இல் அமெரிக்காவின் நாசா வெளியிட்ட ஆய்வைக் காட்டி, இந்தச் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். அந்தச் சோதனை நடந்தது காற்றுப் புகாத சிறு கூண்டுகளில். 2019-இல் வெளியான ஆய்வு, சாதாரண அறையில் இந்தப் பயன் இல்லை என்றே கணக்கிட்டுக் காட்டியது. கதவைத் திறந்து வைத்தாலே அதைவிடக் காற்று சுத்தமாகும். எனவே அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

வாரத்தில் எந்த நாள் கடையைக் கூட்டிக் கழுவுகிறோமோ, அந்த நாளையே கொடிக்கும் வைத்துக்கொள்ளலாம். பாட்டிலைத் தேய்த்து, வேரை அலசி, தண்ணீர் மாற்றி, இலை துடைக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவர்கள் பாட்டிலை எடுத்துவிட்டு, கொடியைத் தொட்டி மண்ணுக்கு மாற்றிவிடுவதே நல்லது.