மக்களைத் தேடி மருத்துவம்

மக்களைத் தேடி மருத்துவம் என்பது நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் முதலிய தொற்றா நோய்கள் உடையோருக்கு அவர்களது வீட்டிலேயே மருந்துகளை வழங்கும் பொருட்டுத் தமிழ்நாடு அரசு தொடங்கிய நலத்திட்டம் ஆகும். இது 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி என்னும் ஊரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் தொடங்கிவைக்கப்பட்டது. வலி நிவாரண சிகிச்சை, இயன்முறை மருத்துவம் ஆகியனவும் இத்திட்டத்தில் அடங்கும். எனினும், பெரும்பாலான குடும்பங்கள் இதனை அறிந்திருப்பது முதியவர்களுக்கு வீடு தேடி வரும் சர்க்கரை நோய் மாத்திரை வாயிலாகவே எனலாம்.

பின்னணி

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் நீரிழிவு மருந்துகள் நெடுங்காலமாகவே இலவசமாக வழங்கப்பட்டு வந்தன. 1994 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்கி, மாவட்டக் கிடங்குகளின் மூலம் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. நீரிழிவுக்கு முதலில் தரப்படும் மெட்பார்மின் 1950களிலேயே பயன்பாட்டுக்கு வந்த மருந்து. அதற்குக் காப்புரிமைத் தடை ஏதும் இல்லை. வெளிக்கடைகளில்கூட அதன் விலை மிகக் குறைவே.

அவ்வாறாயின் மருந்தை வீட்டுக்கே கொண்டு செல்ல வேண்டிய தேவை ஏன் எழுந்தது? 2020 இல் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பு இதற்கு விடை தருகிறது. நீரிழிவு உடையோருள் 10.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே குருதிச் சர்க்கரை கட்டுக்குள் இருந்ததாக அது கண்டறிந்தது. மருந்து இலவசமாக இருந்தும் நிலைமை இவ்வாறு இருந்தது.

நோயின் இயல்பும் இதற்கு ஒரு காரணம் ஆகும். மாத்திரையை ஒரு மாதம் நிறுத்தினாலும் பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ தோன்றுவதில்லை. சர்க்கரை அளவு ஓசையின்றி உயர்ந்து கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றைப் பல ஆண்டுகளில் சிதைக்கிறது. ஆகவே, செலவைக் குறைக்க எண்ணும் முதியவர் முதலில் கைவிடுவது இம்மாத்திரையையே.

மற்றொரு காரணம் பயணம் ஆகும். திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில் அமராவதி ஆற்றுப் பாசனப் பரப்பில் உள்ள மடத்துக்குளம் வட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கொழுமம், குமரலிங்கம், கணியூர் போன்ற ஊர்களில் பெற்றோர் தங்கியிருக்க, பிள்ளைகள் திருப்பூர் பனியன் நிறுவனங்களிலோ உடுமலைப்பேட்டைப் பகுதி நூற்பாலைகளிலோ வேலை செய்வது வழக்கம். பீஸ் கணக்கில் கூலி பெறும் தையற்காரர் ஒருவர், தாயையோ தந்தையையோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் விடுப்பு எடுத்தால், அந்நாளின் கூலி முழுவதும் போய்விடும். அத்தொகை, வாங்கி வரும் மாத்திரைகளின் வெளிக்கடை விலையைவிடப் பன்மடங்கு அதிகம். துணைக்கு ஆளில்லாதபோது பயணம் தள்ளிப்போகும், மருந்தும் தீர்ந்துவிடும்.

செயற்பாடு

மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்களே இத்திட்டத்தின் அச்சாணி ஆவர். இவர்கள் வீடுதோறும் சென்று குருதி அழுத்தத்தையும் குருதிச் சர்க்கரையையும் கருவிகளால் அளக்கின்றனர். ஐயத்திற்குரியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பப்படுகின்றனர். நோயை உறுதி செய்வதும் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதும் மருத்துவரின் பணியாகும். தன்னார்வலர் தாமாக மாத்திரையை மாற்றவோ கூட்டவோ இயலாது. 45 வயதுக்கு மேற்பட்டோருக்கும் நடமாட்டம் குறைந்தோருக்கும் வீட்டில் மருந்து வழங்குமாறு திட்டம் வகுக்கப்பட்டது.

வீட்டுக்கு மருந்து வருவதால் மருத்துவரைக் காண வேண்டிய தேவை நீங்கிவிடுவதில்லை. முதியவர்களுக்குச் சிறுநீரகச் செயற்பாடு குறையும்போது மெட்பார்மினின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடும். இதனைக் குருதிப் பரிசோதனையால் மட்டுமே அறிய முடியும்.

மேலும், இம்முறை ஊர் வாரியாக அமைந்தது. சில மாதங்கள் மடத்துக்குளத்திலும் சில மாதங்கள் திருப்பூரில் மகன் வீட்டிலும் வாழும் முதியவருக்கு மருந்து இடையில் அறுந்துபோக வாய்ப்பு உண்டு. மருத்துவர் எழுதிய சீட்டைப் பயணத்தில் உடன் வைத்திருப்பது இங்கு மிகவும் உதவும்.

மாத்திரைக்கு அப்பால்

மெட்பார்மின் போதாதவர்களுக்கு வேறு மருந்துகள் தேவைப்படுகின்றன. குடும்பத்தின் உண்மையான செலவு பெரும்பாலும் இங்குதான் தொடங்குகிறது. 1970 ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்கவில்லை. செய்முறைக்கு மட்டுமே வழங்கியது. 2005 முதல் பொருளுக்கும் காப்புரிமை வழங்கப்படுவதால் புதிய மருந்துகளின் விலை கூடுதலாக உள்ளது. சிட்டாகிளிப்டினின் காப்புரிமை 2022 இல் முடிவடைந்ததும், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் அதன் 50 மில்லிகிராம் மாத்திரைகள் பத்து, 60 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தன. தமிழ்நாடு அரசும் 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்களைத் தொடங்கியது. இவ்விரு வகைக் கடைகளிலும் மருந்தின் வணிகப் பெயரைவிட வேதிப்பெயரைக் கூறிக் கேட்பதே பயன் தரும்.

பனியன் தொழிலாளர் குடும்பங்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தின் கீழ்க் காப்பீடு பெற்ற தொழிலாளியைச் சார்ந்து வாழும் பெற்றோரும், வருமான வரம்புக்கு உட்பட்டு, மருத்துவப் பயன் பெற உரியவர்கள். பெற்றோரின் பெயரைக் குடும்ப விவரங்களில் பதிந்திருத்தல் வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியே பதிவின்றி வேலை செய்வோருக்கு இவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை.

இன்சுலின் ஊசிமருந்தின் சிக்கல் வேறு வகையானது. திறக்கப்படாத குப்பிகளை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்தல் வேண்டும். குளிர்பதனப்பெட்டி இல்லாத வீடுகளில் ஈர மணலிலோ நீரிலோ வைத்த மண்பானை வெப்பத்தைத் தணிக்க உதவும். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பெற்ற இன்சுலினும் வெயிலில் கிடந்தால் வலுவிழந்துவிடும்.

ஏற்பும் விமர்சனமும்

தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு 2024 இல் இத்திட்டத்திற்கு விருது வழங்கியது. மறுபுறம், தன்னார்வலர்கள் தமக்குத் தரப்படுவது ஊதியம் அன்று, ஊக்கத்தொகை மட்டுமே எனச் சுட்டிக்காட்டிப் பணிப் பாதுகாப்பையும் கூடுதல் தொகையையும் கோரி வந்துள்ளனர். தன்னார்வலர் ஒருவர் பணியை விட்டு விலகினால், மற்றொருவர் வரும் வரை அவர் சென்றுவந்த வீடுகளின் முதியவர்களுக்கு மருந்து தடைப்படக்கூடும் என்பதால் இக்கோரிக்கை நோயாளிகளையும் நேரடியாகத் தொடுவதாகும்.